ஸ்கேனில் 'நாட்யூல்' என்று வந்தால்: அறிக்கை வாங்குவதிலிருந்து ஃபாலோ-அப் முடியும்வரை

வயிற்று வலிக்காகவோ, கீழே விழுந்ததற்காகவோ, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்காகவோ ஸ்கேன் எடுத்திருப்பீர்கள். போன காரியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், அறிக்கையின் நடுவில் ஒரு வரி இருக்கும்: இந்த இடத்தில், இத்தனை மி.மீ. அளவில் ஒரு நாட்யூல், அதாவது சின்ன உருண்டைப் புள்ளி அல்லது கட்டி. அந்த வரியை என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. என் அக்காவுக்கு நுரையீரலில் அப்படி ஒன்று வந்தபோது கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான். நான் டாக்டர் இல்லை. எந்தக் காகிதம் முக்கியம், எதற்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், எங்கே பணம் வீணாகும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாட்யூல் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பழைய தொற்றின் தழும்பு, சிறிய நிணநீர்க் கணு, கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி என்று பலதும் ஸ்கேனில் இப்படித்தான் தெரியும். அதிகம் புகைபிடித்த 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த அமெரிக்க நுரையீரல் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. புற்றுநோய் வர அதிக வாய்ப்புள்ள அவர்களிடம்கூட, சிடி ஸ்கேனில் 'சந்தேகம்' என்று குறிக்கப்பட்டவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கடைசியில் புற்றுநோய் இல்லை என்றே தெரிந்தது. மீதி சில சதவீதத்தைத் தவறவிடாமல் பிடிக்கத்தான் கீழே உள்ள வேலையெல்லாம்.

1. அறிக்கையையும் படங்களையும் முழுதாக வாங்குங்கள்

அறிக்கைத் தாள் வேறு, படங்கள் வேறு. இரண்டும் வேண்டும். படங்களை 'டைகாம்' (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு வகை) வடிவத்தில் சிடி தட்டிலோ பென் டிரைவிலோ தரவிறக்க இணைப்பாகவோ கேட்டு வாங்குங்கள். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் எடுத்த போட்டோவை வைத்து எந்த ரேடியாலஜிஸ்ட்டாலும் (ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர்) 5 மி.மீ. புள்ளியை அளக்க முடியாது. பிலிமில் இருப்பதே தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். முழு ஸ்கேனில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

வாங்கியவுடன் வீட்டுக் கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். காலித் தட்டு வருவதும், வேறொருவர் பெயரில் வருவதும் நடக்கிற விஷயம்தான். ஸ்கேன் மையங்கள் படங்களை எல்லாக் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அறிக்கையில் 'இம்ப்ரெஷன்' என்று கடைசியில் வரும் நான்கு வரியை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். எதற்காக ஸ்கேன் எடுத்தோமோ அதற்கான பதில்தான் அங்கே முதலில் இருக்கும். நாட்யூல் பற்றிய வரி மேலே 'ஃபைண்டிங்ஸ்' பகுதியில், கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் நடுவே ஒளிந்திருக்கலாம். "தொடர் பரிசோதனை தேவை" என்ற பரிந்துரையும் அங்கேயே தங்கிவிடுவது உண்டு.

2. அறிக்கையில் எதைத் தேடுவது

ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு இவற்றை அடிக்கோடிடுங்கள். இல்லாதது எது என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் அவைதான்.

இடம்: எந்த உறுப்பு, எந்தப் பக்கம், நுரையீரல் என்றால் எந்த மடல் (நுரையீரலின் பிரிவு). நுரையீரலின் மேல் மடலில் இருப்பதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். மடல்களைப் பிரிக்கும் கோட்டை ஒட்டி, முக்கோணமாகவோ நீள்வட்டமாகவோ வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் அது உள்ளே இருக்கும் நிணநீர்க் கணு.

அளவு: மி.மீ.யா செ.மீ.யா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 0.6 செ.மீ.யை 6 செ.மீ. என்று படித்துவிட்டு ஒரு இரவு முழுக்கத் தூங்காதவர்கள் உண்டு. நுரையீரலில் 3 செ.மீ. வரைதான் நாட்யூல். அதைத் தாண்டினால் 'மாஸ்' என்று எழுதுவார்கள், அதற்கான வழியே வேறு.

வகை: 'சாலிட்' என்றால் முழுக்கத் திடமானது. 'கிரவுண்ட் கிளாஸ்' என்றால் பனி படிந்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும், பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்கள் ஊடே தெரியும். இரண்டும் கலந்தது 'பார்ட்-சாலிட்'. இந்த ஒரு சொல்லை வைத்தே காத்திருக்கும் காலம் மாறும், அதனால் இது எழுதப்படாமல் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

ஓரமும் உள்ளடக்கமும்: வழவழப்பான ஓரம் நல்லது. 'ஸ்பிக்யுலேட்டட்', அதாவது முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் என்றால் தாமதிக்கக் கூடாது. உள்ளே சுண்ணாம்பு நடுவிலோ, முழுக்கவோ, வளையம் வளையமாகவோ படிந்திருந்தாலும், கொழுப்பு இருந்தாலும் அநேகமாகக் கவலை இல்லை.

ஒப்பீடு: "முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிடப்பட்டது" என்ற வரி இருக்கிறதா? பெரும்பாலும் "ஒப்பிட முந்தைய படங்கள் இல்லை" என்றுதான் இருக்கும். அதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது, அடுத்த படியே அதுதான்.

சீரிஸ் எண், இமேஜ் எண்: நல்ல அறிக்கையில் எந்தப் படத்தில் நாட்யூல் தெரிகிறது என்ற எண் இருக்கும். இருந்தால், அடுத்த டாக்டர் ஐந்து நிமிடம் தேட வேண்டியதை ஐந்து நொடியில் கண்டுபிடிப்பார்.

3. பழைய ஸ்கேனைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கட்டுரையிலும் அதிகப் பலன் தரும் படி இதுதான். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் பாதிப் பேர் இதைச் செய்யாமல் நேராக அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

காரணம் எளிது. ஒரு திடமான நாட்யூல் 2 ஆண்டுகளாக அதே அளவில் இருந்தால், அது ஆபத்தில்லாதது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த 2 ஆண்டுகளை இன்று தொடங்கி முன்னோக்கியும் எண்ணலாம், பழைய படம் கிடைத்தால் பின்னோக்கியும் எண்ணலாம். பின்னோக்கி எண்ண முடிந்தால் காத்திருப்பே மிச்சம்.

"மார்பு ஸ்கேன் இதுவரை எடுத்ததே இல்லையே" என்பீர்கள். மார்பு ஸ்கேன்தான் வேண்டும் என்பதில்லை. வயிற்று சிடியின் மேல் படங்களில் நுரையீரலின் அடிப்பகுதி விழும். இதய சிடியில் நுரையீரலின் நடுப்பகுதி தெரியும். கழுத்து சிடியில் நுரையீரல் உச்சியும் தைராய்டும் தெரியும். முதுகெலும்பு எம்ஆர்ஐயின் ஓரத்தில் சிறுநீரகமும் அதன் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியும் சில சமயம் விழும். அக்காவுக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது எடுத்த ஒரு பழைய சிடி ஸ்கேன் அலமாரியில் கிடந்தது. ரேடியாலஜிஸ்ட் அதைத் திறந்து, முதல் சில படங்களுக்குப் போய், நுரையீரலுக்கான ஒளி அமைப்புக்கு மாற்றினார். கல்லீரலின் குமிழ் மாதிரியான உச்சிக்குப் பக்கத்தில், வலது கீழ் மடலில் அதே புள்ளி. இரண்டு திரைகளிலும் அளவுகோலை இழுத்து வைத்தார். முன்பும் 7 மி.மீ., இப்போதும் 7 மி.மீ. நடுவில் நான்கு ஆண்டுகள். பழைய அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று எல்லோரும் கல்லைத்தான் தேடியிருக்கிறார்கள்.

ஆக, பழைய அறிக்கையில் "நுரையீரல் சாதாரணம்" என்று இருப்பதை நம்பி, படத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். படம்தான் சாட்சி. வீட்டில் இல்லை என்றால் எடுத்த மையத்திலேயே மறுபிரதி கேளுங்கள். அடையாள அட்டை, பழைய ரசீது அல்லது நோயாளி எண், நோயாளி நேரில் வர முடியாவிட்டால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஆகியவை தேவைப்படும். கிடைத்ததும், புதிய ஸ்கேனைப் படித்த ரேடியாலஜிஸ்ட்டிடமே கொடுத்து, ஒப்பிட்டு அறிக்கையில் 'அடெண்டம்', அதாவது பின்சேர்க்கை எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் வாய்மொழியாக "அதேதான்" என்றால் மனசுக்கு நிம்மதி, ஆனால் அடுத்த மருத்துவமனையில் எழுத்தில் இருப்பதுதான் செல்லும்.

4. உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரே 7 மி.மீ. புள்ளி இருவருக்கு இரண்டு விதமாகப் பொருள்படும். அதனால் டாக்டரிடம் போகும் முன் ஒரே பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: வயது, புகைபிடித்த கணக்கு (20 சிகரெட் ஒரு பாக்கெட் என்று வைத்து, ஒரு நாளைய பாக்கெட்டை ஆண்டுகளால் பெருக்குங்கள், நாளுக்கு அரை பாக்கெட் வீதம் 30 ஆண்டு என்றால் 15), நிறுத்தியிருந்தால் எந்த ஆண்டு, கல்நார் போன்ற தூசியில் வேலை பார்த்ததுண்டா, முன்பு காசநோய் வந்ததா, வீட்டில் யாருக்காவது வந்ததா, எந்த உறுப்பிலாவது முன்பு புற்றுநோய் வந்ததா, பெற்றோர், உடன்பிறந்தோருக்கு நுரையீரல் அல்லது தைராய்டு புற்றுநோய் உண்டா, சிறுவயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா.

இதில் முன்பு வந்த புற்றுநோயை மறைப்பவர்கள் உண்டு. "அது ஆறிப்போச்சே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று நினைப்பார்கள். அது ஒன்றே மொத்த வழியையும் மாற்றும். வழக்கமான காத்திருப்பு அட்டவணைகள் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

5. யார் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஸ்கேன் எழுதிக்கொடுத்தவர் எலும்பு டாக்டர். நாட்யூல் இருப்பதோ நுரையீரலில். அவர் தன் வேலை முடிந்தது என்று நினைப்பார், நீங்கள் அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள். நாட்யூல்கள் தொலைந்து போவது இந்த இடைவெளியில்தான்.

குடும்ப டாக்டர் ஒருவர் இருந்தால் அவரிடமே முதலில் போங்கள். இல்லையென்றால் நுரையீரலுக்கு நுரையீரல் மருத்துவர், தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், கல்லீரலுக்கு இரைப்பைக் குடல் அல்லது கல்லீரல் மருத்துவர், மார்பகத்துக்கு மார்பக அறுவை நிபுணர். எடுத்த எடுப்பில் புற்றுநோய் மருத்துவரிடம் ஓடத் தேவையில்லை.

பேசி முடித்து எழுந்திருக்கும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: அடுத்த ஸ்கேன் எது, எந்த மாதம், அதன் முடிவை யார் பார்ப்பார்கள். "ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னால் தேதி கேளுங்கள். அங்கேயே மொபைல் காலண்டரில் போட்டு, வீட்டில் இன்னொருவர் மொபைலிலும் போடுங்கள்.

6. நுரையீரல் என்றால் எவ்வளவு காலம்

தற்செயலாகக் கண்ட நாட்யூல்களுக்கு உலகெங்கும் அதிகம் பின்பற்றப்படுவது ஃப்ளைஷ்னர் சொசைட்டி (மார்பு ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பு) 2017-ல் வெளியிட்ட வழிமுறை. 35 வயதைத் தாண்டிய, முன்பு புற்றுநோய் வராத, எதிர்ப்பாற்றலும் குறையாத ஒருவருக்குத்தான் அது. சுருக்கம் இது.

ஒற்றைத் திட நாட்யூல், 6 மி.மீ.க்குக் கீழ்: ஆபத்துக் காரணிகள் (புகைப்பழக்கம், குடும்பத்தில் நுரையீரல் புற்றுநோய் போன்றவை) இல்லாதவருக்கு மறு ஸ்கேனே வழக்கமாகத் தேவையில்லை. காரணிகள் இருந்தால் 12 மாதம் கழித்து ஒன்று எடுக்கலாம், அதுவும் கட்டாயமில்லை.

6 முதல் 8 மி.மீ.: 6 முதல் 12 மாதத்தில் ஒரு சிடி. பிறகு தேவைக்கேற்ப 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று.

8 மி.மீ.க்கு மேல்: 3 மாதத்தில் சிடி, அல்லது பெட்-சிடி (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன்), அல்லது திசு எடுத்துப் பார்ப்பது. எது என்பதை ஆபத்தைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வார்.

6 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கிரவுண்ட் கிளாஸ்: 6 முதல் 12 மாதத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் 2 ஆண்டுக்கு ஒருமுறை, 5 ஆண்டு வரை. இந்த வகை வளர்ந்தாலும் மிக மெதுவாக வளரும், அதனால்தான் இத்தனை நீளம்.

அதே அளவில் பார்ட்-சாலிட்: 3 முதல் 6 மாதத்தில் முதல் ஸ்கேன். மாறாமல் இருந்து, திடப் பகுதி 6 மி.மீ.க்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒன்று, 5 ஆண்டு.

"மூணு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தால் பரவிவிடாதா, அடுத்த வாரமே இன்னொரு சிடி எடுத்தால் என்ன?" இதைக் கேட்காத குடும்பமே இருக்காது. அடுத்த வாரம் எடுத்தால் எதுவும் தெரியாது. திடமான நுரையீரல் புற்றுநோய் கன அளவில் இரட்டிப்பாகப் பெரும்பாலும் 100 முதல் 400 நாள் ஆகும். கன அளவு இரட்டிப்பானாலும் விட்டம் கால் பங்குதான் கூடும்: 8 மி.மீ. இருந்தது 10 மி.மீ. ஆகும். அந்த 2 மி.மீ. மாற்றம்தான் ஸ்கேனில் நம்பி அளக்கக்கூடிய குறைந்தபட்ச வளர்ச்சி. 5 இருந்தது 6 ஆகிவிட்டது என்று கலங்க வேண்டாம். ஒரே படத்தை இருவர் அளந்தாலே அந்த வித்தியாசம் வரும். சில வாரத்தில் மளமளவென்று பெரிதானால், அது தொற்றாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

எக்ஸ்ரேயில் நாட்யூல் என்று வந்திருந்தால் இந்த அட்டவணைக்குள் போகவே வேண்டாம். முலைக்காம்பின் நிழல், ஆறிய விலா எலும்பு முறிவு, தோல் மேல் இருக்கும் மரு எல்லாமே எக்ஸ்ரேயில் நாட்யூல் வேஷம் போடும். பழைய எக்ஸ்ரே இருந்தால் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் ஒரு சிடி.

காத்திருக்கக் கூடாத நிலைகள் தனி. சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் குரல் கரகரப்பு, கழுத்தில் வேகமாக வளரும் கட்டி, மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

7. தைராய்டு என்றால்

தைராய்டு நாட்யூல் அவ்வளவு சகஜம். நல்ல அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தால் வயதானவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று தெரியும். பெரும்பான்மை தீங்கற்றவை.

வரிசை இதுதான்: முதலில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை, அப்புறம் கழுத்துக்கென்று தனியாக ஒரு அல்ட்ராசவுண்ட். சிடியில் தற்செயலாகத் தெரிந்திருந்தாலும் தைராய்டை எடைபோட அல்ட்ராசவுண்ட்தான் வேண்டும். டிஎஸ்ஹெச் குறைவாக இருந்தால் ஐசோடோப் ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்க மருந்து கொடுத்து எடுப்பது) சொல்வார்கள். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது 2 நாள் நிறுத்துங்கள், அது தைராய்டு பரிசோதனை முடிவைக் குழப்பிவிடும்.

அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் 'டை-ராட்ஸ்' என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். இங்கே ஒரு பெரிய பொறி. 'டை-ராட்ஸ் 4' என்றால் நான்காம் நிலைப் புற்றுநோய் அல்ல! அது சந்தேகத்தின் படிநிலை, நோயின் நிலை இல்லை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் 2017 முறைப்படி, வகை 3 என்றால் 2.5 செ.மீ. ஆனால்தான் ஊசிப் பரிசோதனை, வகை 4-க்கு 1.5 செ.மீ., வகை 5-க்கு 1 செ.மீ. அதற்குக் கீழே இருந்தால் அளவைப் பொறுத்துக் கண்காணிப்பு, அல்லது அதுவும் தேவையில்லை. ஆக, 8 மி.மீ. வகை 3-க்கு ஊசி போட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

ஊசிப் பரிசோதனை என்பது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே செய்வார்கள், சில நிமிடத்தில் முடியும், அன்றே வீட்டுக்கு வரலாம். முடிவு 'பெத்தெஸ்டா' 1 முதல் 6 வரை வரும். 2 தீங்கற்றது, 6 புற்றுநோய். 1 என்றால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்த செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள். 3, 4 வந்தால் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது, சிலருக்கு மரபணுப் பரிசோதனை உதவும்.

8. மற்ற உறுப்புகள், சுருக்கமாக

அட்ரினலில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இரண்டு கேள்வி. ஹார்மோன் சுரக்கிறதா? கெட்ட கட்டியா? கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) இல்லாத சிடியில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) அல்லது அதற்குக் கீழ் என்றால் அது கொழுப்பு நிறைந்த தீங்கற்ற கட்டி. ஆனாலும் ஹார்மோன் பரிசோதனையை விடக் கூடாது, முக்கியமாக ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள். மெட்டாநெஃப்ரின் (அட்ரினல் ஹார்மோன் அதிகமா என்று காட்டும் பரிசோதனை) பார்க்காமல் அட்ரினலில் ஊசி வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கல்லீரலில் அதிகம் வருவது நீர்க்கட்டியும் ஹெமாஞ்சியோமாவும் (ரத்தக் குழாய்களால் ஆன தீங்கற்ற கட்டி), பெரும்பாலும் விட்டுவிடலாம். ஹெபடைடிஸ் பி அல்லது கல்லீரல் சுருக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு, அவர்கள் கான்ட்ராஸ்டுடன் பல கட்ட சிடி அல்லது எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது.

மார்பகத்தில் 'பை-ராட்ஸ்' எண் வரும். 0 என்றால் பிரச்சினை பூஜ்யம் என்றல்ல, இன்னும் படம் எடுக்காமல் சொல்ல முடியாது என்று. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4, 5 என்றால் திசுப் பரிசோதனை.

9. மறு ஸ்கேன் நாள்

முடிந்தால் அதே மையம், அதே கருவி. மார்பு சிடியை 1.5 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக எடுக்கச் சொல்லி டாக்டரின் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 5 மி.மீ. தடிமனில் எடுத்தால் 6 மி.மீ. நாட்யூலின் வகையும் தெரியாது, அளவும் சரியாக வராது.

நுரையீரல் நாட்யூலைக் கண்காணிக்க கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவையில்லை, குறைந்த கதிர்வீச்சு சிடியே போதும். வழக்கமான மார்பு சிடி சுமார் 7 மில்லிசீவர்ட் என்றால், குறைந்த அளவு சிடி சுமார் 1.5 தான். கவுண்டரில் கேட்காமல் விட்டால் வழக்கமான சிடியை, சில இடங்களில் கான்ட்ராஸ்டுடன் சேர்த்து, போட்டுவிடுவார்கள். வேறு காரணத்துக்காக கான்ட்ராஸ்ட் கட்டாயம் என்றால் சமீபத்திய கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவைக் கொண்டு போங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும், முன்பு அலர்ஜி வந்ததையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அன்று கையில் இருக்க வேண்டியவை: எல்லாப் பழைய படங்களும், அறிக்கைகளும், டாக்டரின் சீட்டும். "மிக முதல் ஸ்கேனுடனும் ஒப்பிடவும்" என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இருக்கட்டும். போன தடவையோடு மட்டும் ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் 1 மி.மீ. கூடி, ஒவ்வொரு முறையும் "மாற்றமில்லை" என்றே வரும். மெதுவாக வளர்வது இப்படித்தான் நழுவும்.

10. பெட்-சிடி, பயாப்ஸி (திசு எடுத்துப் பார்ப்பது) என்று பேச்சு வந்தால்

பெட்-சிடி செலவு அதிகம், அதனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 8 மி.மீ.க்குக் கீழே உள்ளவற்றை அது நம்பகமாகக் காட்டாது. காசநோய், பூஞ்சைத் தொற்று, சார்காய்டோசிஸ் (புற்றுநோய் அல்லாத ஓர் அழற்சி நோய்) எல்லாமே பெட்டில் பளிச்சென்று ஒளிரும். மறுபக்கம், கார்சினாய்டு என்ற கட்டி வகையும் மெதுவாக வளரும் சில புற்றுநோய்களும் ஒளிராமலே இருக்கும். காசநோய் வந்துபோனவர்கள் "ஒளிர்கிறது, அதனால் புற்றுநோய்" என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். அன்று சர்க்கரை அதிகமாக இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சிஇஏ போன்ற 'கேன்சர் மார்க்கர்' ரத்தப் பரிசோதனைகளை இதற்காக எடுப்பது வீண். சாதாரணமாக வந்தாலும் நிம்மதி இல்லை, கூடினாலும் எதுவும் உறுதியில்லை.

நுரையீரல் பயாப்ஸி என்றால் முந்தைய வாரமே ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் போகவும் வேண்டாம். ஊசி போட்டபின் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியலாம். பெரும்பாலும் தானே சரியாகும், சிலருக்குக் குழாய் போட்டு ஓரிரு நாள் தங்க வேண்டிவரும். துணைக்கு ஒருவர் வேண்டும், சீக்கிரத்தில் விமானப் பயணம் கூடாது.

முடிவில் "புற்றுநோய் செல்கள் இல்லை" என்று வந்தால் அடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்படியென்றால் இது என்ன?" காசநோய், ஹமார்டோமா (தீங்கற்ற ஒரு கட்டி) என்று பெயர் சொல்லும் பதில் வந்தால் சரி. "குறிப்பாக ஒன்றும் இல்லை" என்றால் ஊசி பக்கத்தில் பாய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, கண்காணிப்பு தொடர வேண்டும். திசுவின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு), சிலைடுகளைப் பின்னால் வேறு இடத்தில் காட்டத் தேவைப்பட்டால் கேட்டு வாங்கலாம்.

11. பணம் எங்கே போகும்

ஸ்கேன் கட்டணம் மட்டும் கணக்கு இல்லை. கான்ட்ராஸ்ட், படப் பிரதி, பின்சேர்க்கை, இரண்டாவது கருத்து எல்லாம் தனித்தனியாக வரலாம். பயாப்ஸியில்தான் பட்டியல் நீளும்: செய்பவரின் கட்டணம், படுக்கை, வழிகாட்டும் சிடி, நோயியல் அறிக்கை, அதற்கு மேல் சிறப்புச் சாயப் பரிசோதனைகள். கடைசியில் உள்ளவை முதல் மதிப்பீட்டில் இருக்காது, முடிவு வரும் வாரத்தில் முளைக்கும். "மேற்பரிசோதனைகளும் சேர்த்து எவ்வளவு வரும்" என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் பெட்-சிடிக்கும் பயாப்ஸிக்கும் முன் அனுமதி தேவைப்படுவது வழக்கம். முந்தைய அறிக்கையும், ஏன் தேவை என்று டாக்டர் எழுதிய காரணமும் இணைத்தால் சீக்கிரம் நகரும். வெறும் 'செக்கப்' என்று சீட்டில் இருந்தால் மறுப்பார்கள். நாட்யூலின் அளவும் இடமும் அதில் இருக்க வேண்டும். புதிதாகக் காப்பீடு எடுக்கும்போது இதை மறைக்காதீர்கள். பின்னால் பெரிய தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய அறிக்கையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

12. எப்போது நிறுத்துவது

கண்காணிப்பைத் தொடங்க மறப்பவர்கள் போல, நிறுத்த மனசு வராதவர்களும் உண்டு. இரண்டு ஆண்டு மாறாத திட நாட்யூலுக்கு, பயத்தில் ஆறாம் ஆண்டும் சிடி எடுப்பதில் கதிர்வீச்சும் செலவும்தான் மிச்சம். நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னால் அதையும் எழுதி வாங்குங்கள்: எந்த நாட்யூல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை மாறவில்லை, இனி ஸ்கேன் தேவையில்லை என்று. அதிகம் புகைபிடித்தவர்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் நுரையீரல் பரிசோதனை இதிலிருந்து வேறு. நாட்யூல் கணக்கு முடிந்தாலும் அது தொடரலாம், அதைத் தனியாகக் கேளுங்கள்.

முதல் ஸ்கேனின் படங்களையும் கடைசி ஸ்கேனின் படங்களையும் இரண்டு இடத்தில் வைத்திருங்கள், ஒன்று பென் டிரைவில், இன்னொன்று இணையச் சேமிப்பில். சில ஆண்டு கழித்து வேறு எதற்கோ ஒரு சிடி எடுப்பீர்கள், வேறொரு ரேடியாலஜிஸ்ட் அதே புள்ளியைப் புதிதாகக் கண்டுபிடிப்பார். அப்போது அந்தக் கோப்பை நீட்டினால் போதும்.